மாவடு மரமும் மலைவாழையும்: மதுரை வட்டாரப் பழ ரகங்களை ஏன் உயிரோடு வைத்திருக்க வேண்டும்?

மாசி பிறந்தால் மதுரைச் சந்தைகளுக்கு மாவடு வரத் தொடங்கும். அழகர்கோயில், நத்தம் பக்கத்திலிருந்து வரும் வடுவை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஒன்று கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும், இன்னொன்று மூக்கு நீண்டிருக்கும். ஒன்றின் காம்பை ஒடித்தால் பால் தெறிக்கும், அந்த வாசம் கையை விட்டுப் போகவே நேரமாகும். இன்னொன்றில் பாலும் இல்லை, வாசமும் இல்லை. ஊறுகாய் போடத் தெரிந்தவர்கள் கூடைக்குள் கையை விட்டு உருண்டை வடுவை மட்டும் பொறுக்குவார்கள். ஒரே கூடையில் இத்தனை வேறுபாடு எப்படி வந்தது? இந்த வடு பெரும்பாலும் பெயர் வைத்து வரிசையாக நட்ட ஒட்டு மரங்களில் பறித்தது கிடையாது. வரப்பிலும் ஓடைக்கரையிலும் கொட்டையிலிருந்து முளைத்து, யாரும் பெரிதாகக் கவனிக்காமலே வளர்ந்த நாட்டு மரங்களின் பிஞ்சு அது.

இந்த மரங்களைப் பற்றி விவசாயியின் காதில் இப்போது இரண்டு பேச்சு விழுகிறது. பருவநிலை மாறி வருகிறது, வட்டார ரகங்களைக் காப்பாற்றினால்தான் தப்பிக்க முடியும் என்பது ஒன்று. நாட்டு மரத்துக்கு மண்டியில் விலை இல்லை, வெட்டிவிட்டு நல்ல ஒட்டாக நான்கு வை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதால்தான் குழப்பம். எதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. கொட்டைக் கன்று: விதையிலிருந்து வரும் கன்று. மாம்பூவுக்கு வரும் மகரந்தம் பக்கத்து மரத்திலிருந்து ஈயும் பூச்சியும் கொண்டு வந்ததாக இருக்கலாம். அதனால் மல்கோவா கொட்டையை நட்டால் மல்கோவா வராது, புதிதாக ஒரு மரம்தான் வரும். அது தாயை விடவும் நன்றாக இருக்கலாம், வாயில் வைக்க முடியாத அளவு புளிக்கவும் செய்யலாம். கேரளக் கடற்கரைப் பக்கத்துச் சில மா ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளை வரும், அவற்றில் பல தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். நம் பக்கத்து ரகங்கள் பெரும்பாலும் ஒரு முளை ரகங்கள்.

2. ஒட்டுக் கன்று: ஒரு கொட்டைக் கன்றின் வேர்ப்பகுதியில், நமக்கு வேண்டிய மரத்தின் குச்சியைச் சீவி வைத்துக் கட்டி வளர்ப்பது. கீழே இருப்பது வேர்க்கன்று, மேலே வைப்பது ஒட்டுக்குச்சி. குச்சி எந்த மரத்துடையதோ அந்த மரத்தின் பழம்தான் வரும்.

3. ரகம்: பழ மரத்தில் ரகம் என்பது கிட்டத்தட்ட ஒரே மரம்தான். வட இந்தியாவின் தசேரி மா முழுவதும் லக்னோ அருகே தசேரி கிராமத்தில் இருந்த ஒரு தாய்மரத்தின் வழி வந்தது. வாழையும் இப்படித்தான். ஒரு ரகத்தின் எல்லா மரங்களும் கன்றிலிருந்து கன்றாகப் பெருகிய ஒரே உயிரின் நகல்கள்.

4. வட்டார ரகம்: ஒரு பகுதி விவசாயிகள் தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்து, பெயர் வைத்து, பெருக்கி வைத்திருப்பது. நத்தத்தின் கல்லாமை, ராஜபாளையத்தின் சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற மாம்பழங்களும், சிறுமலையின் மலைவாழையும் இந்த வகை. இன்னும் பெயரே கிடைக்காத ஒற்றை மரங்களும் நிறைய உண்டு. 'கிணத்து மேட்டு மரம்', 'கோயில் மரம்' என்று இருக்கும் இடத்தை வைத்துத்தான் அவற்றைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் அவையும் கணக்கில் உண்டு.

விதை வங்கியில் போட்டு வைத்தால் போதாதா?

நெல், கேழ்வரகு, கத்தரி என்றால் போதும். விதையை நன்றாகக் காயவைத்து, ஈரம் புகாமல் மூடி, குளிரில் வைத்தால் பல ஆண்டுகள் முளைப்புத் திறன் நிற்கும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் 2008இல் திறந்த உலக விதைக் காப்பகம் இந்தக் கணக்கை நம்பித்தான் கட்டப்பட்டது.

மா, பலா, நாவல் மூன்றுக்கும் இது செல்லாது. இவற்றின் விதைக்குள் இருக்கும் ஈரம்தான் அதன் உயிர். காயவைத்தால் செத்துவிடும், கடுங்குளிரிலும் செத்துவிடும். பலாக் கொட்டையை அடுக்களையில் சில வாரம் போட்டு வைத்துவிட்டு நட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாம் சாப்பிடும் வாழையில் கொட்டையே கிடையாது. அப்படியே மாங்கொட்டையைப் பாதுகாக்க ஒரு வழி கிடைத்தாலும் பயன் குறைவு. கொட்டைக்குள் இருப்பது அந்த ரகத்தின் பிள்ளை, அந்த ரகம் அங்கே இல்லை.

ஆகவே பழ ரகங்களை மரமாகத்தான் வைத்திருக்க முடியும். இதற்கென்றே மர வங்கி போன்ற தோப்புகளை ஆராய்ச்சி நிலையங்கள் வளர்க்கின்றன. மாவுக்கு லக்னோவில் உள்ள மத்திய நிறுவனம், வாழைக்கு திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நம் பக்கத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. வாழையை மட்டும் குருத்துத் திசுவாகக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தும் வைக்கலாம். பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாழை வகைகள் இப்படி இருக்கின்றன. ஆனால் வளர்ந்த மாமரம் ஒன்றுக்குப் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும், அப்படி நட்டால் ஏக்கருக்கு 40 மரம்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் நாலைந்து மரம் என்று கணக்குப் போட்டால் இடமும் ஆளும் நீரும் எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அரசுத் தோப்புக்குள் கொண்டுவர முடியாது.

அதோடு ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போகவும் வாய்ப்பு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பகுதியின் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவற்றில் பல, கொட்டையிலிருந்து வந்த மரங்கள். அதாவது ஒவ்வொன்றும் தனி ரகம், நகல் கிடையாது. மரம் சாய்ந்ததும் அந்த ரகமும் போய்விட்டது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். பழ ரகத்தைக் காப்பாற்றும் வேலை ஆய்வகத்தில் முடிகிற வேலை இல்லை. யாரோ ஒரு விவசாயியின் நிலத்தில், அவர் செலவில், அவர் நிழலில்தான் நடக்கிறது. அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு மரபைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் எந்த மரமும் நிற்காது.

வானிலை மாறினால் மாமரத்துக்குள் என்ன ஆகிறது?

மாமரத்தின் கிளை நுனியில் இருக்கும் மொட்டு இரண்டில் ஒன்றாகலாம்: இலைத்துளிர் அல்லது பூங்கொத்து. எதுவாக வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். கிளை முற்றியிருக்க வேண்டும், பிறகு இரவுக் குளிர் வேண்டும். நம்முடைய வெப்பப் பகுதியில் கடுங்குளிர் கிடையாது என்பதால் வறட்சி அதற்குத் துணை வருகிறது. மழை நின்று, மண் காய்ந்து, மரம் சில வாரங்கள் துளிர் விடாமல் ஓய்ந்து நிற்க வேண்டும். அந்த ஓய்வில்தான் கிளை முற்றுகிறது. அப்புறம் மார்கழி, தைப் பனி இறங்கினால் பூ வருகிறது.

மதுரைக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, மார்கழியில் ஓய வேண்டும் என்பது மாமரத்தின் எதிர்பார்ப்பு. மழை மார்கழி, தை வரை இழுத்தால் மரம் மறுபடி துளிர்க்கப் பார்க்கும். தளதளவென்று செம்பு நிறத் துளிர் வரும், தோப்பு பார்க்க அழகாக இருக்கும், அந்த ஆண்டு காய் குறைந்துவிடும். பூத்த பிறகு மழையோ மூடுபனியோ வந்தால் சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் பூங்கொத்தைக் கருக்கும். அதையும் தாண்டி, பங்குனியிலேயே வெயில் ஏறினால் பிஞ்சு உதிரும்.

இதில் கவனிக்க வேண்டியது, சேதம் 'மழை குறைவு' என்ற ஒரே வழியில் வரவில்லை. சராசரிக் கணக்கில் அந்த ஆண்டு மழை சரியாகவே பெய்திருக்கும். பெய்த நேரம் பதினைந்து நாள் தள்ளிப் போனால் போதும். பருவநிலை மாற்றம் பழ மரத்தை இப்படி நேரத்தில் பிடிக்கிறது. நெல் விவசாயி அடுத்த போகத்துக்கு விதையை மாற்றிக்கொள்வார். மாமரம் வைத்தவர் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒரே முடிவோடு கட்டுண்டு கிடக்கிறார். இன்று நடும் ஒட்டு, 2050இன் வெயிலில் நிற்க வேண்டும்.

பல ரகம் இருந்தால் எப்படி உதவும்?

1. பூக்கும் நேரம் பரவும். செந்தூரம் முந்தி வரும், பங்கனப்பள்ளி நடுவில் வரும், நீலம் கடைசியில் ஆனி, ஆடி வரை வரும். ஒரே தோப்பில் மூன்றும் இருந்தால், பருவம் தவறிய மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது பிழைக்க வாய்ப்புண்டு. நாட்டு மரங்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். பழமுதிர்சோலையில் முருகன் ஔவையிடம் 'சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா' என்று கேட்ட நாவல் மரத்தைப் பற்றி ஊரில் சொல்லும் செய்தியே, மற்ற நாவல் ஆடி, ஆவணியில் பழுக்க, இது ஐப்பசியில் கந்தசஷ்டியை ஒட்டிப் பழுக்கிறது என்பதுதான். பக்திச் செய்தியாகச் சொன்னாலும், பழ ஆராய்ச்சியாளர் தேடுவதும் இப்படிப் பருவம் மாறிக் காய்க்கும் மரங்களைத்தான். ராஜஸ்தானின் கோட்டாப் பக்கம் ஒரு விவசாயி கண்டெடுத்துப் பெருக்கிய 'சதாபகார்' என்ற மா, ஆண்டு முழுக்கக் காய்ப்பதால்தான் தேசிய அளவில் பேசப்பட்டது.

2. விலை ஒரே நாளில் சரியாது. 2025இல் கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பகுதியில் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி என்ற கூழ் மாங்காய் ஒன்றாக வந்து குவிந்து, ஆலைகள் வாங்கத் தயங்க, பறிக்கும் கூலிகூடக் கட்டுப்படாத நிலை வந்தது. பெரிய பரப்பில் ஒரே ரகம் இருந்தால் வானிலைக்கு முன்னாலேயே சந்தை அடித்துவிடும்.

3. வேருக்கு ஆள் கிடைக்கும். நாட்டு மரத்தின் பழம் புளித்தாலும் அதன் வேர் உப்புத் தண்ணீரையோ சுண்ணாம்பு மண்ணையோ தாங்குவதாக இருக்கலாம். அதை வேர்க்கன்றாக வைத்து, மேலே இமாம் பசந்தை ஒட்டலாம். கேரளத்தின் குருக்கன் மா உப்பைத் தாங்கும் வேராகவும், வெள்ளைக்கொளும்பான் மரத்தைக் குட்டையாக வைக்கும் வேராகவும் ஆராய்ச்சியில் பேர் வாங்கியவை. ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டுக்கு ஆண்டு உப்பேறும் மேலூர், திருமங்கலம் பக்கத்தில், வேருக்காகத் தேட வேண்டிய மரங்கள் நம் ஓடைக்கரையிலேயே இருக்கக்கூடும். 'நாட்டு மரத்தில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்கள் பழத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

4. வறட்சியைத் தாங்கும் குணம் சில ரகங்களின் மரபிலேயே இருக்கிறது. இதற்கு வாழையை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. நாம் சாப்பிடும் வாழைகள் இரண்டு காட்டு வாழைகளின் வழி வந்தவை. ஒன்றின் மரபை 'ஏ' என்றும் மற்றதை 'பி' என்றும் குறிப்பார்கள். ஏற்றுமதிக்குப் பயிரிடும் ஜி-9 வாழையில் மரபுத் தொகுதி மூன்றுமே 'ஏ'. பூவன், ரஸ்தாளி இரண்டும் இரண்டு 'ஏ', ஒரு 'பி'. மொந்தனும் கற்பூரவல்லியும் ஒரு 'ஏ', இரண்டு 'பி'. பொதுவாக 'பி' பங்கு கூடக் கூட வறட்சியைத் தாங்கும் சக்தி கூடுகிறது. வைகை, பெரியாறு வாய்க்கால் தண்ணீர் தவறினால் ஜி-9 துவண்டுபோகும், கற்பூரவல்லி கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் என்று சோழவந்தான் விவசாயி அனுபவத்தில் சொல்வதற்குப் பின்னால் இந்த எழுத்துக் கணக்கு இருக்கிறது.

5. இனமே மாறலாம். இலந்தையும் சீத்தாவும் கடும் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும், மழை வந்ததும் எழும். விளாவும் நெல்லியும் கரட்டு நிலத்திலேயே நிற்கும். நாவல் கண்மாய்க் கரையில் தண்ணீர் தேங்கினாலும் சமாளிக்கும். அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மானாவாரி நிலத்துக்காகவே இத்தகைய பழங்களில் வேலை செய்கிறது. அங்கிருந்து வந்ததுதான் ஏபிகே 1 சீத்தா.

எண்டப்புளியிலிருந்து வந்த புளி

ஒரு ஊரில் நிற்கும் மரத்தைக் கவனித்ததால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பெரியகுளம் அருகே எண்டப்புளி சாட்சி. எண்டப்புளி இருக்கும் தேனி, தனி மாவட்டமானது 1996இல். அதற்கு முன் அது மதுரை மாவட்டத்து ஊர். அங்கிருந்த ஒரு வட்டாரப் புளியைத் தேர்ந்தெடுத்து, ஒட்டு மூலம் பெருக்கி, பெரியகுளம் நிலையம் வெளியிட்டதுதான் பிகேஎம் 1 புளி. கொட்டையிலிருந்து வளர்ந்த புளியமரம் காய்க்கப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இந்த ஒட்டுப் புளி நான்காம் ஆண்டு வாக்கிலேயே காய்க்கத் தொடங்கும். 'தாத்தா நட்டால் பேரன் உலுக்குவான்' என்றிருந்த மரத்தை, நட்டவரே உலுக்கும் மரமாக மாற்றியது அது. தண்ணீர் இல்லாத நிலக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் புளி வைத்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

அந்தத் தாய்மரம் விறகுக்குப் போயிருந்தால்? போயிருக்கும், அவ்வளவுதான். எதை இழந்தோம் என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி நமக்குத் தெரியாமலே போனவை எத்தனை என்று நினைக்கும்போது மனசு ஒப்பவில்லை.

மாவிலும் இதே கதைதான். பெரியகுளத்தின் பிகேஎம் 2, நீலத்தையும் மல்கோவாவையும் கலந்தது. மல்கோவாவின் ருசி யாருக்கும் மறக்காது, ஆனால் காய்ப்பில் கஞ்சம். நீலம் ஆண்டு தவறாமல் காய்க்கும். இரண்டையும் சேர்க்க முடிந்தது, இரண்டுமே அப்போது உயிரோடு இருந்ததால்.

சிறுமலை வாழைக்கு நேர்ந்தது

நாட்டு ரகம் என்றாலே எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு என்று காட்ட வெகுதூரம் போக வேண்டாம். வாடிப்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் தெரியும் சிறுமலை போதும்.

சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பித் தோட்டத்து மர நிழலில், மானாவாரியாக, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் கன்று விட்டு நிற்பது மலைவாழை. விருப்பாச்சி, சிறுமலை என்று இரண்டு வகை. தோல் தடிப்பு, சதை இறுகல், பழுத்தாலும் சீக்கிரம் அழுகாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம், நீர்ப்பசை குறைவான அந்தச் சதை. ரோபஸ்டாவைப் பிசைந்தால் பஞ்சாமிர்தம் கூழாகிவிடும்.

ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்ததாகச் சொல்லப்படும் இந்த வாழை, 1970களில் முடிக்கொத்து நோய் பரவிய பிறகு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. இது வைரஸ் நோய். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்லப் பரவியது. நோய் தாக்கிய மரத்தில் புது இலை ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சிறுத்து, குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தார் வராது, வந்தாலும் உதவாது. மருந்தே கிடையாது, தோண்டி அழிப்பது ஒன்றுதான் வழி.

பரவிய விதத்தில்தான் பாடம் இருக்கிறது. மரத்துக்கு மரம் வைரஸைக் கொண்டுபோனது வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோனது கன்று. அதாவது விவசாயிகள் நம்பிக்கையோடு ஒருவருக்கொருவர் கொடுத்த கன்று. எல்லா மரமும் ஒரே நகல் என்பதால் தாங்கி நிற்க ஒரு மரம்கூட மாறுபட்டு இல்லை.

மீட்டது எப்படி? வேளாண் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான தாய்மரங்களைத் தேடி, வைரஸ் இல்லை என்று பரிசோதித்து, திசு வளர்ப்பில் கன்று எடுத்து, மலைவாழை விவசாயிகளோடு சேர்ந்து மறுபடி நட்டது. கீழ்ப்பழனியில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் இருப்பது இதற்கு வசதியாக அமைந்தது. பழைய பரப்பு திரும்பவில்லை, வாழை திரும்பியது. நோயைத் தாங்கும் குணத்தால் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்தமான கன்று கிடைத்தது, கூடவே பழத்துக்குக் கோயில் வாசலில் கேட்பு இருந்தது. கேட்பு இல்லாத ரகமாக இருந்திருந்தால் இத்தனை உழைப்பை யார் போட்டிருப்பார்கள்?

ஆகவே 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது: ரகம் அழியாமல் வைப்பது, நோயில்லாத கன்று தருவது, பழத்துக்கு வாங்க ஆள் தேடுவது. முதலாவதை மட்டும் செய்தால் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

மரங்கள் ஏன் போகின்றன?

நத்தம், அழகர்கோயில் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயோ பிஞ்சிலேயோ குத்தகைக்குப் பேசிவிடுவது வழக்கம். குத்தகை எடுப்பவர் மண்டியில் எது ஓடுமோ அதைத்தான் எண்ணுவார். பெயரில்லாத நாட்டு மரங்கள் கணக்கில் வராது, வந்தால் 'கலப்பு' என்று விலை இறங்கும். அந்த இடத்தில் நான்கு செந்தூரம் வைத்தால் குத்தகை கூடும் என்பது எளிய கணக்கு. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

உயரமான நாவல், நாட்டு மா மரங்களில் ஏறிப் பறிக்க ஆள் குறைந்தது இன்னொரு காரணம். சாலையை அகலமாக்கும்போதும் தோப்பை மனைப் பிரிவாக்கும்போதும் முதலில் போவது ஓர மரங்கள். அவைதான் பெரும்பாலும் பழைய கொட்டை மரங்கள்.

வடு இதற்கு ஒரு எதிர்க்கணக்கு. பழமாக விற்றால் யாரும் சீண்டாத மரம், வடுவாக விற்றால் காசு தருகிறது. அதுவும் மாசி, பங்குனியில், கோடை வெயிலும் பழ ஈயும் வருவதற்கு முன்பே. கர்நாடகத்தின் சிர்சிப் பகுதியில் 'அப்பெமிடி' என்ற வடு மாங்காய்க்கு இப்படிப் பேர் வந்தபின், ஆற்றங்கரைக் காட்டு மரங்களிலிருந்து குச்சி எடுத்துத் தங்கள் தோட்டத்தில் ஒட்டி வைக்கத் தொடங்கினார்கள். வாசமுள்ள வடு, பால் கூடிய வடு என்று மரம் மரமாகப் பெயர் வைத்தே விற்கிறார்கள். அழகர்மலை அடிவாரத்து வடுவுக்கும் அந்த மதிப்பு வர முடியும். இப்போது எல்லாம் ஒரே கூடையில் ஒரே விலைக்குப் போகிறது என்பதுதான் குறை.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தராது?

இங்கே மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. புவிசார் குறியீடு. இது பெயரைக் காப்பாற்றும், மரத்தைக் காப்பாற்றாது. விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளுக்கு இது உண்டு, பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. வேறு ஊர் வாழையை 'சிறுமலை' என்று விற்பதைத் தடுக்க உதவும். நாளைக்கே சிறுமலையில் வாழை இல்லாமல் போனால் குறியீடு எதுவும் செய்யாது.

2. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001. விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதியலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. மரப் பயிர்களுக்குப் பாதுகாப்பு 18 ஆண்டு. அருகிவரும் ரகங்களைக் காத்த ஊர்ச் சமூகத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை விருதும், தனி விவசாயிகளுக்கு வெகுமதியும் உண்டு. பெயரில்லாத மரத்துக்குப் பெயரும் உரிமையும் தருவது இந்தச் சட்டம்தான். நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பது வருத்தம்.

3. உயிர்ப்பன்மைச் சட்டம், 2002. ஊராட்சிதோறும் ஒரு குழு, அதன் கையில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊரின் பழ மரங்களும் அதில் எழுதப்பட வேண்டியவை. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது இந்தச் சட்டத்தின்படிதான். 2025இல் நத்தம் பக்கம், அழகர்மலைக் காட்டை ஒட்டிய காசம்பட்டி வீரகோயில் காடு, ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான பரப்பு, அடுத்ததாகச் சேர்ந்தது. சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காத கோயில்காடுகள் சட்டம் வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்தன.

உங்கள் வரப்பில் ஒரு நல்ல பழைய மரம் இருந்தால்

1. ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எந்த மாதம் பூத்தது, எப்போது காய் முற்றியது, மழை எப்போது பெய்தது, எந்த ஆண்டு காய்க்கவில்லை. மூன்று, நான்கு ஆண்டுக் குறிப்பு இருந்தால்தான் அது நல்ல மரமா, நல்ல ஆண்டா என்று தெரியும்.

2. ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் இருக்கும்போது ஒட்டுப் போடலாம். மூன்று, நான்கு மாத வயதுள்ள, பென்சில் கனமுள்ள நுனிக்கிளையைப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே இலைகளைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விட வேண்டும். காம்பு தானாக உதிரும்போது நுனி மொட்டு உப்பியிருக்கும். அதுதான் வெட்டும் பதம்.

3. முளைத்துப் பத்து, பதினைந்து நாளான, இலை செம்பு நிறம் மாறாத கொட்டைக் கன்றை எடுத்து, தலையைச் சீவி, நடுவே நான்கு, ஐந்து சென்டிமீட்டர் பிளக்க வேண்டும். குச்சியின் அடியை இருபுறமும் ஆப்பு போலச் சீவி, பிளவில் இறக்கி, பட்டையோடு பட்டை சேரும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே ஒரு பாலித்தீன் உறையை மாட்டி நிழலில் வைத்தால், பிடித்த ஒட்டில் சில வாரங்களில் துளிர் தெரியும். நான்கு போட்டால் இரண்டு பிடித்தாலும் நல்லதுதான். கை பழகாதவர்கள் பக்கத்து நாற்றுப் பண்ணையில் குச்சியைக் கொடுத்தே போட்டு வாங்கலாம்.

4. வாழையென்றால் குச்சி வேலை இல்லை, கன்றுதான். இலை குறுகி நிமிர்ந்த மரத்தின் பக்கத்தில் நின்ற கன்றை, எவ்வளவு திடமாகத் தெரிந்தாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

5. பிடித்த ஒட்டுகளில் எதையும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஒன்று உங்கள் நிலத்தில் வேறு மூலையில், இன்னொன்று வேறு ஊரில் சம்பந்தி வீட்டுக் கொல்லையில். கல்யாணம், காதுகுத்து என்று போகும்போது அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டும் வரலாம்.